வேண்டாம் என்பது காரணம் ஆகாது

சுடரகம் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். கட்டி முடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஆள் குடிபோனவை இரண்டு. மிச்சமிருக்கும் நாற்பத்தாறு வீடுகளில் ஒன்றை வாங்குவது எவ்வளவு கடினம் என்பது, ஓய்வுபெற நான்கு மாதங்கள் இருக்கும்போது வெள்ளைச்சாமிக்குத் தெரியவந்தது.

வெள்ளைச்சாமி நெய்வேலிச் சுரங்கத்தில், கரியைக் கொண்டுபோகும் பெல்ட் பிரிவின் போர்மேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இருபத்துநான்கு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர். முப்பத்தாறு வருடங்கள் டவுன்ஷிப்பில் கழிந்துவிட்டன. வேலை இருக்கும்வரைதான் குவார்ட்டர்ஸ் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். ஆனால் அறுபது வயது என்பது மற்றவர்களுக்குத்தான் வரும் என்று ஏனோ நினைத்துக்கொண்டிருந்துவிட்டார். ஊரில் இருந்த பாகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. மகள் கிருஷ்ணப்ரியா ஓசூரில் கணவனோடு இருக்கிறாள். அங்கே ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் இரண்டு பக்கமும் மூச்சு முட்டும். மனைவி சந்திரா தன் முடிவைச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு இந்த ஞாயித்துக்கிழமை சந்தை போதும். நான் எங்கயும் வரமாட்டேன்."

அதனால் அவர் சுடரகம் வீட்டுவசதிச் சங்கத்துக்குப் போனார். இருபத்திரண்டு வருடங்களாகச் சந்தா கட்டிவந்த சங்கம். சந்தாவைப் பணமாகத் திருப்பித் தரும் வழக்கம் அதற்குக் கிடையாது. வீடாகத்தான் தரும். அதுவும் பணியில் இருக்கும்போதே விண்ணப்பித்தால்தான் தரும். எல்லோருக்கும் வீடு என்ற லட்சியத்தோடு நடக்கும் அந்தச் சங்கம், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் வாடகைக்கு இருந்தது.

மாடியில் ஒரு நீளமான பெஞ்சு, ஒரு கவுன்ட்டர், கவுன்ட்டருக்குப் பின்னால் எழுத்தர் எழில்மதி. வேறு யாரும் இல்லை.

"வீடு விஷயமா வந்தேம்மா."

"டோக்கன் எடுத்துட்டீங்களா சார்?"

"யாருமே இல்லையேம்மா."

"யாரும் இல்லைன்னாலும் டோக்கன் இருக்கு சார்."

அவர் இயந்திரத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எழில்மதி ஒரு பொத்தானை அழுத்தினாள். டோக்கன் எண் ஒன்று கவுன்ட்டருக்கு வரவும் என்று ஒலிபெருக்கி மூன்று முறை அழைத்தது. அவர் எழுந்து போனார். செயலாளரைப் பார்க்க வேண்டும் என்றாள். அதற்கு வேறு டோக்கன்.

செயலாளர் வைத்திலிங்கம் தும்பைப்பூ வெள்ளைச் சட்டையும் தங்கப் பிரேம் கண்ணாடியுமாக இருந்தார். விண்ணப்பத்தை வாங்கி ஓரத்தில் வைத்துவிட்டு, "போட்டி கடுமையா இருக்கு, வெள்ளைச்சாமி" என்றார்.

"எத்தனை பேர் போட்டிருக்காங்க சார்?"

"அது ரகசியம்."

"நாப்பத்தாறு வீடு காலியா இருக்கே சார்."

"காலின்னு சொல்லாதீங்க. ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கு. வருஷத்துக்கு ஒரு வீடுதான் விடறோம், அதுவும் குலுக்கல்ல."

"ஏன் சார் ஒண்ணு?"

வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். பொருளாதாரம் பேசும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். "இப்ப மார்க்கெட் எப்படி இருக்கு? படுத்துக்கிடக்கு. இந்த நேரத்துல நாப்பத்தாறையும் ஒண்ணா விட்டா விலை என்ன ஆகும்? ஒண்ணொண்ணா விட்டாத்தான் ஜனங்க ஏங்குவாங்க."

"ஏங்கறாங்களா சார்?"

"ஏங்கணும். அதுக்குத்தான் ஒம்பது வருஷமாக் காத்துக்கிட்டிருக்கோம்."

வீட்டை ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார் வெள்ளைச்சாமி. ஒதுக்கீட்டுக்கு முன்னால் வீட்டைக் காட்டுவதில்லை என்பது சங்கத்தின் கொள்கை. பார்த்தால் ஆசை வந்துவிடும், கிடைக்காவிட்டால் மனசு உடைந்துவிடும், உறுப்பினர்களின் மனநலத்தில் சங்கத்துக்கு அக்கறை உண்டு என்று வைத்திலிங்கம் விளக்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச்சாமி சந்திராவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போகும் சாலைக்குப் போனார். குடியிருப்பின் இரும்புக் கதவுக்கு வெளியே நின்று இருவரும் எட்டிப் பார்த்தார்கள். இந்த வருடத்துக்கு உரியது முப்பத்தொன்றாம் எண் வீடு. அடுக்களை ஜன்னல் கிழக்கே இருந்தது. பின்னால் நாலைந்து முந்திரி மரங்கள் மிச்சம் இருந்தன.

"காலையில வெயில் வரும்" என்றாள் சந்திரா. சங்கம் பயந்தது நடந்துவிட்டது. அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

குலுக்கல் நாளன்று வெள்ளைச்சாமி கஞ்சி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனார். பந்தல் போட்டு நூறு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நெரிசலைக் கட்டுப்படுத்தக் கயிறு கட்டி, இரண்டு காவலாளிகள் நின்றிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே வெள்ளைச்சாமி மட்டும் இருந்தார். கயிற்றை நெருக்காமல் உட்காரும்படி ஒரு காவலாளி கேட்டுக்கொண்டார்.

மேடையில் பித்தளைக் குடம். வைத்திலிங்கம் அதில் ஒரு சீட்டைப் போட்டார். குலுக்கினார். உடனே சங்கத்தின் சட்ட ஆலோசகர் எழுந்து ஆட்சேபித்தார். மேடையில் கொஞ்ச நேரம் கசமுசா என்று பேச்சு நடந்தது. பிறகு வைத்திலிங்கம் மைக்கில் வந்தார்.

"குலுக்கல்னா சீட்டு ஒண்ணோட ஒண்ணு மோதணும். ஒரே சீட்டு எதோட மோதும்?"

"குடத்தோட மோதுதே சார்" என்றார் வெள்ளைச்சாமி, கீழே இருந்து.

"குடம் மனுதாரர் இல்லையே."

போதிய போட்டி இன்மையால் குலுக்கல் ஒத்திவைக்கப்படுகிறது என்று தீர்மானம் எழுதினார்கள். அடுத்த மாதமும் பந்தல் போட்டார்கள். அடுத்த மாதமும் ஒத்திவைத்தார்கள். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது. வெள்ளைச்சாமி செயலாளர் அறையில் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இன்னொரு மனு வந்தா நடத்திடலாம்" என்றார் வைத்திலிங்கம். "யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னு நான் சொல்லலை. சட்டம் குறைஞ்சது ரெண்டுன்னு சொல்லுது. சட்டம் சொல்றதைத்தான் நான் சொல்றேன்."

வெள்ளைச்சாமி தன் பிரிவில் இருந்த பர்மனென்ட் ஆட்கள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தார். பேருக்கு ஒரு மனு, அவ்வளவுதான் என்றார். யாரும் சம்மதிக்கவில்லை. சசிகுமார் என்ற மெக்கானிக் அவரைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டான்.

"அண்ணே, ஒருவேளை எனக்கு விழுந்துட்டா?"

"விழாதுப்பா."

"குடிபோன ரெண்டு பேரும் பேருக்குத்தான் போட்டாங்களாம். இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டை விக்கவும் முடியாம விடவும் முடியாம நிக்கறாங்க. வேணாம்ணே. வேற ஏதாவது உதவி கேளுங்க."

அப்போதுதான் அவருக்குத் தனகோட்டி ஞாபகம் வந்தது. வெளியே சொல்லாவிட்டாலும் வெள்ளைச்சாமிக்கே தெரியும், தனகோட்டியின் ஞாபகம் வந்ததற்குக் காரணம் அவன் முடியாது என்று சொல்லமாட்டான் என்பதுதான்.

தனகோட்டி கான்ட்ராக்ட் தொழிலாளி. பதினாறு வருடங்களாக வெள்ளைச்சாமியின் பிரிவில், பெல்ட்டுக்கு அடியில் சரியும் கரியை வாரிச் சுத்தம் செய்கிற வேலை. முத்தாண்டிக்குப்பத்துக்காரன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிவேலை பார்த்தவர்கள். வருடா வருடம் அவனை வேலைக்கு உள்ளே விடும் கேட் பாஸைப் புதுப்பிக்க, இவர் நல்ல ஆள் என்று போர்மேன் ஒரு வரி எழுதித் தர வேண்டும். வெள்ளைச்சாமி ஒரு வருடம்கூட அதைத் தாமதப்படுத்தியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சங்கத்துல நான் எப்பிடி சார் கேக்க முடியும்? நான் பர்மனென்ட் இல்லையே" என்றான் தனகோட்டி.

"இணை உறுப்பினர்னு ஒண்ணு இருக்கு. நூறு ரூபா. நானே கட்டிடறேன். சும்மா பேருக்குத்தான்."

"சுடரகம்னா, நம்ப ரோட்டு மேல இருக்குதே, அதுங்களா? அது முந்திரித் தோப்பா இருந்தப்ப எங்கம்மா அங்கதான் கொட்டை பொறுக்கிக்கினு இருப்பாங்க." அவன் சிரித்தான். "சரிங்க சார். பேருக்குத்தான."

மூன்றாவது குலுக்கல் களைகட்டியது. விண்ணப்பம் இருமடங்காகப் பெருகியிருக்கிறது என்று சங்கம் துண்டறிக்கை அச்சடித்திருந்தது. கயிற்றுக்குள் வெள்ளைச்சாமியும் தனகோட்டியும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அதாவது, வெள்ளைச்சாமி உட்கார்ந்திருந்தார். தனகோட்டி நாற்காலியின் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தான். போர்மேனுக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வைத்திலிங்கம் நாற்பது நிமிடம் பேசினார்.

"நாங்க நினைச்சிருந்தா ஒரே நாள்ல எல்லா வீட்டையும் தூக்கிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம். அப்புறம் இந்தச் சங்கம் எதுக்கு? இந்தச் செயலாளர் எதுக்கு? இந்தக் குடம் எதுக்கு? ஒம்பது வருஷமா ஒவ்வொரு வீட்டையும் தினம் கூட்டிப் பெருக்கி, ஒரு மனுஷன் காலடி படாமக் காப்பாத்திட்டு வர்றோம். வீட்டுல ஆள் இருந்தா வீடு கெட்டுப்போகும். இது அனுபவத்துல சொல்றேன். அந்த ரெண்டு வீட்டையும் நீங்க போய்ப் பாருங்க, சுவத்துல ஆணி அடிச்சிருக்கான்!"

கைத்தட்டல் ஓய்ந்ததும் குடத்தைக் குலுக்கினார். சீட்டுகள் முறைப்படி மோதின. சட்ட ஆலோசகர் காதை வைத்துக் கேட்டுத் தலையசைத்தார். எழில்மதி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தாள்.

"தனகோட்டி!"

தனகோட்டியின் முகம் வெளிறிப்போனது. சுரங்கத்தில் ஏதோ ஒரு பெரிய மோட்டாரைத் தன் கையாலேயே எரித்துவிட்டவன்போல வெள்ளைச்சாமியைப் பார்த்தான்.

"சார், நான் ஒண்ணும் பண்ணல சார்."

அதற்குள் அவனை மேடைக்கு இழுத்துப்போனார்கள். மாலை போட்டார்கள். தெர்மாகோலில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றை அவன் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் வீடு, இதுதான் சுடரகம் என்று வைத்திலிங்கம் முழங்கினார். இணை உறுப்பினருக்கு முன்பணம் கிடையாது, இருபது வருட மாதத்தவணை மட்டும்தான் என்று எழில்மதி மைக்கில் விதிகளைப் படித்தாள். எந்தக் காலத்திலோ மானியம் வாங்குவதற்காக எழுதிவைத்த விதி அது. வெற்றிபெறாத விண்ணப்பதாரர் என்ற முறையில் வெள்ளைச்சாமிக்கு ஒரு ஹாட்பாக்ஸும் பங்கேற்புச் சான்றிதழும் கிடைத்தன. காத்திருப்போர் பட்டியலில் அவருடைய இடம் முதலாவது என்று செயலாளர் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார். தனகோட்டி வீட்டை ஒப்படைத்தால் அது உடனே வெள்ளைச்சாமிக்கு வரும். இல்லாவிட்டால் அடுத்த வருடக் குலுக்கல். அடுத்த வருடம் அவர் பணியில் இருக்கமாட்டார்.

மறுநாள் வேலையில் தனகோட்டி அவரைப் பார்த்ததும் ஓடிவந்தான். "சார், எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தரேன் சார்." ஆனால் அதற்கு அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தான், பேசவில்லை. நான்காம் நாள் வெள்ளைச்சாமி பொறுமை இழந்து, ஷிஃப்ட் முடிந்ததும் அவன் வீட்டுக்கே போனார். பதினாறு வருடங்களில் அதுதான் முதல் தடவை.

ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். சுவரில் தெர்மாகோல் சாவியோடு தனகோட்டி நிற்கும் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள். தனகோட்டியின் மனைவி ஆதிலட்சுமி பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் கம்பெனிக்குப் போகிறவள். விரல்களில் முந்திரிக்கொட்டைத் தோட்டின் பால் பட்ட கறுப்பு. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பாத்துட்டு வந்தோங்க, வூட்ட" என்றாள். "வாச்மேன் தெரிஞ்சவரு, உள்ள வுட்டாரு. ரெண்டு ரூமு. பொண்ணு படிக்கறதுக்கு ஒண்ணு ஆவும்னு பேசிகினு இருந்தோம்."

வெள்ளைச்சாமி அவள் கொடுத்த டம்ளரை வாங்கிக்கொண்டார். டீயைக் குடித்தார்.

"அது வந்து, ஆதிலட்சுமி, தனகோட்டி சொல்லியிருப்பான். பேருக்குத்தான் போட்டது."

"சொன்னாருங்க. நீங்க பேருக்குன்னு சொன்னீங்க. அந்தப் பேருதான வந்துகீது."

தனகோட்டி, "ஏய்" என்றான்.

"நான் சண்டைக்கா பேசறேன்? தவணைதானாம். என்னோட கூலியும் சேத்தா கட்டிப்புடலாம். விசாரிச்சிகினுதான் வந்தேன்."

"எனக்கு இந்த மாசத்தோட ரிட்டயர்மென்ட் ஆயிடும்மா. இருபத்திரெண்டு வருஷம் கட்டியிருக்கேன். போக இடம் இல்லை."

அவள் தங்கள் ஒற்றை அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். வெள்ளைச்சாமி தன் டீ டம்ளரைப் பார்த்தார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காக என்றுதான் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், தனகோட்டியிடம் கேட்டார்:

"பாஸ் ரினியூவல் எப்ப வருது உனக்கு?"

ஆதிலட்சுமி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த மாசக் கடைசிங்க சார்" என்றான் தனகோட்டி.

"ம். நான் போறதுக்கு முன்னாடி எழுதிடறேன். மறந்துடப் போறேன், ஞாபகப்படுத்து."

ஆதிலட்சுமி எழுந்து காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு" என்றாள் புருஷனிடம். பிறகு வெள்ளைச்சாமியிடம் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணுங்க. வூடு வேணாம்னு எழுதிக்கங்க. எங்களால முடியாது, வக்கில்ல, அப்பிடி இப்பிடின்னு எதுவும் எழுத வேணாம். நாங்களாத்தான் வேணாம்னு சொன்னோம்னு இருக்கட்டும்."

"அப்படியே எழுதறேம்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார். சங்கத்தின் படிவம் எப்படி இருக்குமோ தெரியாததால், தனகோட்டி ஒரு வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெள்ளைச்சாமி மறுநாள் டோக்கன் எடுத்தார். எழில்மதி ஒரு அட்டையைத் தூக்கி வைத்தாள். ஒதுக்கீட்டை ஒப்படைக்க அனுமதிக்கப்பட்ட காரணங்கள் நான்கு: மரணம், மனப்பிறழ்வு, நாடுகடத்தல், தகுதியின்மை.

"வேண்டாம்னு எழுத முடியாதாம்மா?"

"வேண்டாம்ங்கிறது காரணத்துல வராது சார்."

செயலாளர் அறையிலிருந்து வைத்திலிங்கமே எழுந்து வந்துவிட்டார். "வேண்டாமா? எங்க வீட்டை ஒருத்தன் வேண்டாம்னு சொன்னதா பைல்ல இருந்தா நாளைக்கு மார்க்கெட் என்ன ஆகும்? ஒரு கான்ட்ராக்ட் ஆளே வேண்டாம்னுட்டான்னு பேச மாட்டாங்களா? வீட்டுக்குக் குறை வரக்கூடாது. குறை மனுஷன்கிட்டத்தான் இருக்கணும்."

"அவன் உயிரோட இருக்கான் சார். புத்தியும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப தகுதியின்மைதான். எழுதுங்க, நான் சொல்றேன்."

வெள்ளைச்சாமி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்குப் பத்தொன்பது நாட்கள் இருந்தன. அடுக்களை ஜன்னலில் வெயில் வரும் என்று சந்திரா தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பேனா நின்றுபோயிருக்கலாம். மை தீர்ந்திருக்கலாம். ஆனால் அது நன்றாகவே எழுதியது. இவ்வளவு நல்ல வீட்டில் குடியிருக்க எனக்கும் என் குடும்பத்துக்கும் தகுதி இல்லை என்பதை உணர்கிறேன் என்று வைத்திலிங்கம் சொல்ல, அவர் எழுதினார். தகுதியின்மையை விவரிக்க வேண்டும் என்று எழில்மதி நினைவூட்டினாள். இதுபோன்ற வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது என்று வைத்திலிங்கம் ஒரு வாக்கியம் சேர்த்தார். அதையும் எழுதினார். கையெழுத்துக்கு மேலே சரியாக ஒரு வரி இடம் மிச்சம் இருந்தது. இப்படிக்கு என்று எழுதி முடித்தார்.

"கையெழுத்து அழகா இருக்கே" என்று வைத்திலிங்கம் பாராட்டினார்.

நிர்வாகக் குழு கூடியபோது, ஒப்படைப்பு விண்ணப்பத்தை மனுதாரரே வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்ற விதி இருப்பது தெரிந்தது. யாரும் நிர்ப்பந்தித்து எழுதவைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு ஏற்பாடு. வேலை உடுப்போடு வந்திருந்த தனகோட்டியின் கையில் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். தடுமாறாமல் வாசித்தான். தகுதி இல்லை என்ற இடத்தையும் தாண்டிப் போனான். சுத்தமாக என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றான். தாளிலிருந்து கண்ணை எடுத்தான். பதினாறு வருடங்களாகத் தினமும் எட்டு மணி நேரம் சுத்தம் செய்கிற கைகள் அந்தத் தாளைப் பிடித்திருந்தன. அவன் தன்னைத்தான் பார்க்கப்போகிறான் என்று நினைத்து வெள்ளைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் தனகோட்டி அவரைப் பார்க்கவில்லை. மறுபடி தாளைப் பார்த்து, கடைசி வரை வாசித்து முடித்தான்.

குழு கை தட்டியது. தன் குறையைத் தானே உணர்வது பெரிய குணம் என்றார் வைத்திலிங்கம். எல்லோரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று வெள்ளைச்சாமியும் தட்டினார். பிறகு அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

படிக்கட்டில் அவனைப் பிடித்துவிட்டார். "தனகோட்டி, அது வந்து, அங்க நாலு காரணம்தான்..."

"பஸ் வந்துடும் சார்" என்றான் தனகோட்டி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மீதி நாட்களிலும் அவன் எப்போதும்போல வணக்கம் சார் என்றான். பாஸுக்கான வரியை, அவன் நினைவூட்டாமலே அவர் எழுதிக் கொடுத்தார், வழக்கத்தைவிட இரண்டு வரி அதிகமாக. நன்றிங்க சார் என்று வாங்கிக்கொண்டான். பிரிவு உபசார விழாவில் மாலை போட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றான்.

முப்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு வைகாசியில் புதுமனை புகுவிழா வைத்தார்கள். சந்திராவுக்குத் தெரிந்ததெல்லாம் தனகோட்டி விட்டுக்கொடுத்தான் என்பது மட்டும்தான். அவளே போன் போட்டு ஆதிலட்சுமியிடம் பேசினாள். "நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும். நீங்க இல்லைன்னா இந்த வீடே இல்லை." அவர்கள் வராமல் இருந்துவிட்டால் தேவலை என்று வெள்ளைச்சாமி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். வந்தார்கள். ஆதிலட்சுமி பட்டுப் புடவை கட்டியிருந்தாள். தனகோட்டி ஒரு பெரிய பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தான்.

சந்திரா அவளை அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். "இதுதான் அடுக்களை. பாருங்க, வெயில் எப்படி வருது." ஆதிலட்சுமி ஏற்கெனவே பார்த்திருந்ததைச் சொல்லவில்லை. நல்லாகீதுங்கம்மா என்றாள். சின்ன அறையின் வாசலில் மட்டும் ஒரு நொடி கூடுதலாக நின்றாள்.

பந்தி உட்கார்ந்தது. புதிய டைல்ஸ் தரையில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் என்ற முறையில் வெள்ளைச்சாமி தானே ரச வாளியைத் தூக்கிக்கொண்டார். குனிந்தபடியே இருந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. வரிசையின் நடுவில் வைத்திலிங்கம். சங்கத்தின் மூன்றாவது விற்பனை என்பதால் குழுவோடு வந்திருந்தார். சாம்பார் முடிந்ததும் அவருக்குப் பேச வந்துவிட்டது. இலையைவிட்டு எழாமலே பேசினார்.

"எல்லாரும் வெள்ளைச்சாமியை வாழ்த்தறீங்க. ஆனா இந்த வீட்டுக்குப் பின்னாடி இன்னொருத்தர் இருக்கார். அதோ, தனகோட்டி! இவர் எழுதின ஒப்படைப்புக் கடிதத்தை நாங்க மாதிரிப் படிவமாவே அச்சடிச்சுட்டோம். எனக்கு மனப்பாடம். 'இவ்வளவு நல்ல வீட்டில் குடியிருக்க எனக்கும் என் குடும்பத்துக்கும் தகுதி இல்லை. இதுபோன்ற வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது.' என்ன ஒரு தன்னடக்கம்! ஒவ்வொரு மனுஷனும் தன் அளவைத் தெரிஞ்சுக்கிட்டா இந்த நாட்டுல வீட்டுப் பிரச்சினையே இருக்காது."

சிலர் சிரித்தார்கள். யாரோ, சபாஷ் என்றார்கள். அடுக்களை வாசலில் அப்பளத் தட்டோடு நின்ற சந்திரா, வெள்ளைச்சாமியின் முதுகையே பார்த்தாள். வெள்ளைச்சாமி அப்போது ஆதிலட்சுமியின் இலைக்கு முன்னால் வாளியோடு குனிந்திருந்தார்.

அவளுடைய கை சோற்றின் மேல் அப்படியே நின்றது. தனகோட்டி அவளிடம் இதைச் சொல்லியிருக்கவே இல்லை என்பது அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது.

"யாரு எழுதுனது?" என்று புருஷனிடம் கேட்டாள், மெதுவாக.

"நாந்தான்."

"வேணாம்னுதான எழுதச் சொன்னேன்."

"நாந்தான் மாத்தி எழுதச் சொன்னேன். சாருக்கு ஒண்ணும் தெரியாது. சாப்புடு."

ஆதிலட்சுமி நிமிர்ந்து வெள்ளைச்சாமியைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது. ஒரே ஒரு சொல்தான். வாயைத் திறந்தார்.

"ரசம் ஊத்தட்டுங்களா?" என்றது வாய்.

அவள் சோற்றில் குழி செய்தாள். அவர் ஊற்றினார். குழி நிரம்பியும் அவர் நிறுத்தாததால் ரசம் இலையைத் தாண்டி வழிந்து, பாயைத் தாண்டி, டைல்ஸ் தரையில் ஓடியது. ஆதிலட்சுமி இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்து அங்கே கொஞ்சம் தெளித்தாள். பட்டுப் புடவையின் முந்தானையை இழுத்து அந்த இடத்தைத் துடைத்தாள். ஒருமுறை துடைத்தாலே போதும். அவள் மூன்று முறை துடைத்தாள், புதுத் தரையில் அவள் முகம் தெரிகிற வரைக்கும்.

"சுத்தமா இருக்குதுங்களா, பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

வெள்ளைச்சாமி குனிந்து பார்த்தார்.

"இருக்குதுங்க" என்றார்.